பிறந்த நாளும் பெயரிட்ட நாளும்

திரிகூடச் சாரலின் சரித்திரம் – 17

மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் மரபில் வந்த பராக்கிரம பாண்டியன், சிற்றாற்றங்கரையில் புதிய காசி ஒன்றைக் கட்டி எழுப்பிய வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். 1446ஆம் ஆண்டில் திருப்பணியைத் தொடங்கி, மறு ஆண்டிலேயே விசுவநாதருக்குக் குடமுழுக்குச் செய்து கண் குளிர்ந்த அம்மன்னன், 1457இல் தொடங்கிய ராஜகோபுரம் முற்றுப்பெறுவதைக் காணாமலே 1463இல் மறைந்தான். அண்ணன் விட்ட பணியைத் தம்பி குலசேகர பாண்டியன் தலைமேற்கொண்டு முடித்தான். பின்னொரு காலத்தில் நெருப்புக்கு இரையாகி, பல தலைமுறைகள் மொட்டைக் கோபுரமாகவே நின்ற அக்கோபுரம், 1990இல் ஒன்பது நிலைகளோடு மறுபடியும் வானளாவ எழுந்தது.

அந்த அத்தியாயத்தை முடிக்கையில் ஒரு கல்வெட்டைப் பற்றி மட்டும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். இந்த அத்தியாயத்துக்கு அதுவே வாசலாக வேண்டும் என்று கருதியதே காரணம். பராக்கிரம பாண்டியன் தென்காசிக் கோயிலில் வெட்டுவித்த தமிழ்ச் செய்யுட்களுள் ஒன்று, அரசர் குலத்துச் சாசனங்களில் அபூர்வமாகவே காணக்கூடிய பணிவை உடையது. இந்த ஆலயத்துக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேருமாயின், அப்போது வந்து அக்குறையைப் போக்கிக் காப்பவர் எவராயிருந்தாலும், அவர்களை உலகறிய இப்போதே பணிகின்றேன் என்பது அதன் கருத்து. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே கோயில் இருந்தது என்றோ, தான் அதைப் புதுக்கியவன் மட்டுமே என்றோ அவன் சொல்லிக்கொள்ளவில்லை. தன்னுடைய ஆக்கம் புதியது என்பதை அறிந்தவன் அவன். அதன் ஆயுள் தன் கையில் இல்லை, இன்னும் பிறவாதவர்களின் கையில் இருக்கிறது என்பதையும் அறிந்தவன். ஆகவேதான் முன்னோரை வணங்கும் தலை பின்னோரையும் வணங்கிற்று.

ஆடி மாதத்தில் அக்கோபுர வாசலில் நின்றால், கணவாய் வழியே இறங்கி வரும் மேல்காற்று வேட்டியைப் பறித்துக்கொண்டு போவதுபோல வீசும். அந்தக் காற்றில் நின்றுகொண்டு அண்மையில் நண்பர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டனர். நேற்றுப் பிறந்த ஒரு நாளை, அரசாங்க உத்தரவு ஒன்றினால் உண்டான ஒரு விழாவை, திருநாள் என்று சொல்லத் தகுமா? தைப்பொங்கலும் ஆடிப்பெருக்கும் திருவாதிரையும் யாரும் ஏற்படுத்தாமல் தாமே விளைந்தவை அல்லவா? ‘தமிழ்நாடு நாள்’ என்றும் ‘சாரல் திருவிழா’ என்றும் நாம் ஏற்படுத்திக்கொள்பவை அவற்றோடு ஒரே பந்தியில் உட்காரத்தக்கவைதாமா?

இக்கேள்வியைப் பொதுவாக எந்த ஊரிலும் கேட்கலாம். ஆனால் தென்காசியிலும் செங்கோட்டையிலும் குற்றாலத்திலும் இதைக் கேட்பதற்குத் தனி அர்த்தம் உண்டு. அதை விளக்கவே இந்த அத்தியாயத்தை எடுத்துக்கொண்டேன்.

‘பார்டர்’ என்றொரு நிறுத்தம்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு ஒரு காத தூரம்கூட இல்லை. அந்தப் பேருந்தில் ஏறியவர்கள், நடுவழியில் நடத்துநர் ‘பார்டர்’ என்று குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பார்கள். பிரானூர் என்பது ஊரின் பெயர். ஆனால் பிரானூர் பார்டர் என்றால்தான் வெளியூர்க்காரருக்கு விளங்கும். சாலையின் இருமருங்கிலும் மர மில்கள். மலையிலிருந்து வந்து குவிந்த தடிகளின் ஈர மணம். சற்றுத் தள்ளி, குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பசியோடு வருகிறவர்களுக்காகப் பரோட்டாக் கல்லும் கோழிக்கறிச் சட்டியும் ஓயாமல் ஓசையெழுப்பும் கடைகள். ஆனால் இங்கே எந்த எல்லையும் இல்லை. இன்றைய கேரள எல்லை, செங்கோட்டையையும் புளியரையையும் கடந்து, மலைக்கணவாயின் மேலே கோட்டைவாசலில் இருக்கிறது. எல்லை மேற்கே பெயர்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அதன் பெயர் மட்டும் பழைய இடத்தைவிட்டு நகர மறுத்து இங்கேயே நின்றுவிட்டது.

1956ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதிவரை, இந்த இடத்தில் ஒரு ராஜ்யம் முடிந்து மற்றொன்று தொடங்கிற்று. கிழக்கே சென்னை ராஜ்யத்துத் திருநெல்வேலி ஜில்லா. மேற்கே திருவிதாங்கூர் மன்னர்களின் செங்கோட்டைத் தாலுகா. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான பின்னர் அது திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தின் தாலுகாவாயிற்று. வீட்டில் பேசியது தமிழ். கோயிலில் ஓதியது தேவாரம். ஆனால் அரசாங்கம் கணக்கிட்டது கொல்லம் ஆண்டு, செல்லுபடியான நாணயம் சக்கரம், அரச முத்திரை சங்கு. செங்கோட்டை நுழைவாயில் வளைவில் அந்தச் சங்கு முத்திரை இன்றும் இருக்கிறது. குற்றாலநாதரின் ஆலயம் சங்கின் வடிவில் அமைந்தது என்பது தமிழர் அறிந்ததே. சில கல் தூரத்துக்குள், ஒரு சங்கு பக்தியின் சின்னமாகவும் மற்றொரு சங்கு அதிகாரத்தின் சின்னமாகவும் இருந்த பூமி இது.

தேசம் விடுதலை பெற்றதும், இந்தத் தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி வலுத்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் என்னும் இயக்கத்தை மார்ஷல் நேசமணி முன்னின்று நடத்தினார். செங்கோட்டைப் பகுதியில் அவ்வியக்கத்துக்காக உழைத்தவர்களுள் சட்டநாத கரையாளர் முக்கியமானவர். 1954 ஆகஸ்டு 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் தமிழர்கள் மாண்டனர். அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என ஒன்பது தாலுகாக்களை அவர்கள் கேட்டார்கள். பசல் அலி தலைமையில் அமைந்த ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் 1955இல் கொடுத்த அறிக்கை, முதல் நான்கையும் செங்கோட்டையையும் மட்டுமே சென்னைக்கு உரியவை என்று ஒப்பிற்று. அந்தச் செங்கோட்டையும் முழுமையாக வரவில்லை; மலைப்புறமான மேற்குப் பகுதி கேரளத்தோடு நின்றுவிட, கிழக்குப் பகுதியே 1956 நவம்பர் முதல் தேதி திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்தது.

ஆகவே நவம்பர் முதல் தேதி என்பது செங்கோட்டைக்காரனுக்குப் பஞ்சாங்கத்தில் அச்சிட்ட ஒரு நாள் அன்று. அன்று காலையில் அவன் தன் வீட்டை விட்டு ஓர் அடியும் நகராமலே வேறு ராஜ்யத்தில் கண் விழித்தான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பாட மொழி எது, பத்திரப் பதிவு எந்தக் கச்சேரியில், வழக்கு எந்தக் கோர்ட்டில் என்ற அன்றாட விஷயங்கள் யாவும் அந்த ஒரே இரவில் திசை மாறின.

பெயருக்கு ஒரு நாள்

மண் சேர்ந்தது, பெயர் சேரவில்லை. 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திரமும், 1956 நவம்பர் முதல் தேதி மலபாரும் தென் கன்னடமும் பிரிந்து போன பிறகு எஞ்சி நின்ற நிலப்பரப்புக்குச் சென்னை ராஜ்யம் என்ற பழைய பெயரே தொடர்ந்தது. அதற்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டும் என்பதையும் தம் கோரிக்கைகளுள் ஒன்றாகக் கொண்டு, விருதுநகரில் 1956 ஜூலை 27ஆம் தேதி உண்ணாநோன்பு தொடங்கிய தியாகி சங்கரலிங்கனார், நோன்பைக் கைவிடாமலே அக்டோபர் 13ஆம் தேதி உயிர்நீத்தார். செங்கோட்டை வந்து சேரும் நாளுக்குப் பத்தொன்பது நாட்களே மிச்சமிருந்தன. அவர் கேட்ட பெயரை, 1967 ஜூலை 18ஆம் தேதி சட்டசபையில் தீர்மானமாகக் கொண்டுவந்து நிறைவேற்றினார் முதலமைச்சர் அண்ணா. சட்டப்படி அப்பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கல் திருநாளில்.

மண் சேர்ந்த நவம்பர் முதல் தேதிக்கும் பெயரைத் தீர்மானித்த ஜூலை 18ஆம் தேதிக்கும் இடையே உண்டானதுதான் அண்மைக்காலத்துச் சர்ச்சை. 2019இல் அப்போதைய அரசு நவம்பர் முதல் தேதியைத் ‘தமிழ்நாடு நாள்’ என்று கொண்டாடிற்று. 2021 அக்டோபர் இறுதியில், அடுத்து வந்த அரசு, அப்பெயரால் கொண்டாடத் தக்கது ஜூலை 18ஆம் தேதியே என்று அறிவித்தது; மறு ஆண்டு ஜூலையில் அது அவ்வாறே நடந்தது.

இரு தரப்பாரும் சொல்லும் காரணங்களைப் பட்சபாதமின்றி எண்ணிப் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் தேதியை ஆட்சேபிப்பவர்கள், அன்று கன்னடரும் கேரளரும் தங்களுக்கென்று புதிய ராஜ்யங்களைப் பெற்றார்கள், அவர்களுக்கு அது பிறந்த நாள். தமிழருக்கோ பிறர் பிரிந்துபோன நாள், தேவிகுளமும் பீர்மேடும் கைநழுவிய நாள், அதைக் கொண்டாடுவதில் என்ன பெருமை என்று கேட்கிறார்கள். இதில் நியாயம் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஜூலை 18ஆம் தேதியை ஆட்சேபிப்பவர்கள், அது தீர்மானம் நிறைவேறிய தேதியேயொழிய பெயர் அமலுக்கு வந்த தேதி அன்று. மேலும் ஒரு நிலத்துக்குப் பெயரிட்ட நாளை அந்நிலத்தின் நாள் என்று கொள்வது, குழந்தைக்குப் பெயர் வைத்த நாளைப் பிறந்த நாள் என்று கொள்வது போலாகும் என்கிறார்கள். இதிலும் நியாயம் உண்டு.

ஆனால் இவ்விரு தரப்பாரையும் விட்டு மூன்றாவதாக ஒரு தரப்பார் இருக்கிறார்கள். எது எப்படியாயினும் இரண்டுமே அரசாங்கத்தார் உண்டாக்கிய நாட்கள், ஒரு ஆட்சி ஏற்றுவது, மறு ஆட்சி இறக்குவது, ஆதலால் இரண்டுக்கும் திருநாள் என்ற யோக்யதை இல்லை என்பது அவர்களுடைய வாதம். நண்பர்கள் கோபுர வாசலில் எழுப்பியதும் இதுவே. இதற்குத்தான் சரித்திரம் விடை சொல்ல வேண்டும்.

எந்த நாளுக்கும் ஒரு முதல் ஆண்டு உண்டு

முதலாவதாக, புதிது என்பதே ஒரு நாளுக்குக் குற்றமாகாது. தென்காசிக் கோயிலில் முதன்முதலாகக் கொடியேறிய ஆண்டில், அவ்விழாவுக்கு என்ன பழமை இருந்தது? கங்கைக்கரைக் காசியின் மகிமையைச் சிற்றாற்றுக்கு ஏற்றி, தெற்கத்தியாருக்கு ஒரு காசியைச் செய்துகொடுத்தவன் ஓர் அரசன். அதுவும் அரசாங்கக் காரியமே. இன்று மாசி மகத்துக்கும் ஐப்பசித் திருக்கல்யாணத்துக்கும் அங்கே திரளுகின்ற பெருங்கூட்டத்தில், இது அரசன் ஏற்படுத்தியதாயிற்றே என்று சஞ்சலப்படுபவர் ஒருவரும் இல்லை. குற்றாலத்துத் தலபுராணம் இதைவிட ஒருபடி மேலே போகிறது. அங்கே திருமாலாக நின்றவரைச் சிவலிங்கமாகக் குறுகச் செய்தவர் அகத்திய முனிவர் என்று அது மாற்றத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. மாறியதை மாறியது என்றே சொன்னதனால் அத்தலத்துக்கு மகிமை எள்ளளவும் குறைந்துவிடவில்லை. சித்திரை விசுவிலும் ஐப்பசி விசுவிலும் திருவிழா நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவதாக, உத்தரவினால் மட்டும் ஒரு நாள் வாழவும் செய்யாது, சாகவும் செய்யாது. 1935 மே மாதத்தில், வைகாசி அனுஷத்தை ஒட்டிச் சென்னையில் மறைமலையடிகள் தலைமையில் திருவள்ளுவர் திருநாள் கொண்டாடப்பட்டது. 1966இல் அரசு ஜூன் 2ஆம் தேதியை வள்ளுவர் நாளாக்கி விடுமுறை விட்டது. பின்னர் அது தை இரண்டாம் நாளுக்கு மாறிற்று. மூன்று தேதிகளும் ஒரே புலவருக்கு எப்படிப் பொருந்தும் என்று பண்டிதர்கள் கேட்கலாம். ஆனால் பொங்கலுக்கு மறுநாள் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் தீட்டும் உழவன் வீட்டில், அது வள்ளுவர் நாள் என்பதும் இப்போது இயல்பாகவே தெரிந்திருக்கிறது. 2008இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது. 2011இல் அச்சட்டம் ரத்தாயிற்று. அந்த மூன்று ஆண்டுகளிலும் சித்திரை முதல் நாளன்று குற்றாலநாதர் கோயிலில் விசு நடந்தது. தை முதல் நாளன்று தென்காசி வீடுகளின் முற்றத்தில் பானை பொங்கிற்று. கெஜட்டில் ஏறுவதும் இறங்குவதும் அடுப்பங்கரையைத் தொடவில்லை.

அப்படியானால் எதனால்தான் ஒரு நாள் வாழ்கிறது? இதற்குக் குற்றாலத்தோடு நெருங்கிய சம்பந்தமுள்ள ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன். தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்து 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டுக்குச் சாரல் காலத்தில் வந்து தங்காத தமிழறிஞர் அக்காலத்தில் குறைவு. ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்தவர்களே. அருவியில் குளிப்பதும், குளித்துவிட்டுக் கம்பனைச் சொல்லிச் சொல்லி ரசிப்பதும் அங்கே அன்றாட விரதமாக இருந்தன. அவர் தலைமை வகிக்க, 1939 ஏப்ரலில் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கியதுதான் கம்பன் திருநாள். கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றியது பங்குனி அஸ்தத்தில் என்பது வழிவழி வந்த ஐதிகம். அதை ஆதாரமாகக் கொண்டு காரைக்குடியில் கூடி, அஸ்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் முடிப்பது என்று வகுத்துக்கொண்டார்கள். எந்த அரசும் உத்தரவு போடவில்லை. அது முழுக்க முழுக்கப் புதிய விழா. புதியது என்பதை அவர்கள் மறைத்ததும் இல்லை. ஆயினும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பங்குனி வந்தால் கம்பன் பெயரைச் சொல்ல மனிதர்கள் கூடுகிறார்கள். அவ்விழாவைக் கண்டு புதுச்சேரியிலும் சென்னையிலும் இலங்கையிலும் கம்பன் கழகங்கள் தோன்றின. அழைப்பவர் மறைந்த பின்பும் வருகிறவர் இருந்தால், அந்த நாள் வேரூன்றிவிட்டது என்று கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்தும் இரண்டு உதாரணங்களைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். வேல்ஸ் நாட்டில் எட்வர்டு வில்லியம்ஸ் என்ற கவிஞர், 1792இல் லண்டன் மாநகரத்துக் குன்று ஒன்றில் கற்களை வட்டமாக அடுக்கிப் புலவர் பேரவை ஒன்றை நடத்தி, அது புராதன துருயிதுக் குருமார் காலம் தொட்டு வழிவழி வந்த சடங்கு என்று சாதித்தார். சான்றாகத் தாமே எழுதிய ஏடுகளைப் பழைய ஏடுகள் என்று காட்டினார். இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர்கள் அதன் பொய்மையை நிறுவினார்கள். அமெரிக்காவில் மௌலானா கரேங்கா என்ற பேராசிரியர், அடிமைத்தனத்தால் வேரறுந்த கறுப்பின மக்களுக்கு ஒரு குடும்ப விழா வேண்டும் என்று கருதி, டிசம்பர் 26 முதல் ஜனவரி முதல் தேதி வரை ஏழு நாள் விளக்கேற்றும் ‘குவான்சா’ என்னும் விழாவை 1966இல் ஏற்படுத்தினார். அது எந்த ஆண்டில், யாரால், எதற்காக ஏற்பட்டது என்பதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. முன்னதற்குப் பழமை வேஷம் ஓர் இழுக்காக நின்றது. ஆயினும் வேல்ஸ் மக்கள் பொய்யை அறிந்த பின்பும் விழாவைக் கைவிடவில்லை, தங்கள் மொழியின் மீது கொண்ட அன்பினால் அதை உண்மையாக்கிக்கொண்டார்கள். பின்னதற்கு அந்த இழுக்கு ஆரம்பத்திலேயே இல்லை.

சாரலுக்கு யார் உத்தரவிட்டார்?

இனி நம் குற்றாலத்துக்கே வருவோம். ஒவ்வோர் ஆண்டும் அரசாங்கத்தார் நடத்துகிற சாரல் திருவிழாவும் இந்தச் சோதனைக்கு உட்பட்டதே. கலைவாணர் அரங்கத்தில் நாதஸ்வரமும் கிராமியக் கலைகளும் நடைபெறுகின்றன. கோலப் போட்டி நடக்கிறது. கொழுகொழு குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். இதெல்லாம் அதிகாரிகளின் நிகழ்ச்சி நிரல்தான் என்பது உண்மை. ஆனால் அதன் அடியில் இருக்கிற சாரலுக்கு எந்த அதிகாரியும் உத்தரவிடவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் மோதி மறுபுறம் மழையைக் கொட்டிவிட்டு, கணவாயின் இடைவெளி வழியாகப் பூந்தூறலை மட்டும் இந்தப் பக்கம் அனுப்புகிறது. அந்தத் தூறலையும் ஐந்தருவியின் இரைச்சலையும் நாடி, மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய பதினெட்டாம் நூற்றாண்டுக்கும் முன்பிருந்தே மக்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அக்குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் கவிராயருக்கு விட்ட நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயராயிற்று. தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, பேரருவியின் கம்பியைப் பிடித்து நடுங்கி நிற்கும் சிறுவனைத் தகப்பன் உள்ளே இழுக்கிற காட்சியில் திருவிழா ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது. அரசாங்கம் அதற்கு ஒரு பந்தல் போட்டது, அவ்வளவே. உயிருள்ள வழக்கத்தின் மீது போட்ட பந்தல் நிற்கும். வெறும் தரையில் போட்ட பந்தல் கோடைக் காற்றில் பிய்ந்து போகும்.

தீர்ப்பு நம் கையில்

இந்த உதாரணங்களை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்க்கையில், ஒரு புதிய நாளின் யோக்யதையை நிர்ணயிக்கும் பிரமாணங்கள் இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. தன் பிறப்பைப் பற்றி அந்த நாள் உண்மை பேசுகிறதா என்பது ஒன்று; அழைப்பிதழ் இல்லாமலும் அதைப் பேணுகிறவர்கள் இருக்கிறார்களா என்பது மற்றொன்று. வயது பிரமாணம் அன்று. வயது என்பது பேணுதலின் பலன்.

முதல் பிரமாணத்தில் நவம்பர் முதல் தேதியும் ஜூலை 18ஆம் தேதியும் இரண்டுமே தேறுகின்றன. அன்றன்று நிகழ்ந்தது இன்னதென்று எவரும் காட்டக்கூடிய உண்மை நிகழ்ச்சிகள் அவை. ஒன்று மண்ணைப் பற்றியது, மற்றொன்று பெயரைப் பற்றியது. பிறந்த நாளும் பெயரிட்ட நாளும் ஒரே வீட்டில் பகையாளிகள் ஆவதில்லை. இரண்டுக்கும் பாயசம் வைக்கிற தாய்மார்களை நாம் கண்டிருக்கிறோம். ஆதலால் எது தமிழ்நாடு நாள் என்னும் வழக்கில், ஒன்றை நிலைநாட்ட மற்றொன்றைத் துடைக்க வேண்டும் என்ற எண்ணமே தவறு என்பது என் அபிப்பிராயம். பெயரின் நாளைச் சென்னை கொண்டாடட்டும். அதற்காகச் சங்கரலிங்கனார் கொடுத்த விலை மிகப் பெரிது.

இரண்டாம் பிரமாணத்தில்தான் நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில், அரசு எந்தத் தேதியை எப்படி அழைத்தாலும், நவம்பர் முதல் தேதி வந்தால் நேசமணியின் சிலைக்கு மாலை விழுகிறது. தாய்த்தமிழகத்தோடு சேர்ந்த நாள் என்று சொல்லி அங்கே பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கிறார்கள். அதே நாளில், அதே சட்டத்தினால் சேர்ந்த செங்கோட்டையைப் பற்றி நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? 2019 நவம்பர் 22ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமாகி, செங்கோட்டையும் அதனுள் ஒரு தாலுகாவாக அமைந்த பிறகேனும், இந்த நினைவுக்கு ஒரு வீடு கிடைத்திருக்க வேண்டும். மலைக்கு அப்புறம் புனலூர்க்காரர்கள் அதே நவம்பர் முதல் தேதியைக் கேரளப் பிறவி என்று வேட்டியும் சேலையும் உடுத்துக் கொண்டாடுகையில், மலைக்கு இப்புறம் நாம் அந்த நாளைச் சாதாரண நாளாகக் கழிப்பது வருந்தத்தக்கது.

இதற்கு ஒரு கெஜட் அறிவிப்பும் வேண்டியதில்லை. செங்கோட்டைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர், ஐப்பசி மழை சற்று விட்டிருக்கும் அந்தக் காலை வேளையில், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் நுழைவாயில் வளைவின் அடியில் நிறுத்தி, மேலே இருக்கும் சங்கைக் காட்டி, இது யாருடைய சங்கு, இது எவ்வாறு இங்கே வந்தது, எந்த நாளில் இது வெறும் சிற்பமாயிற்று என்று சொன்னால் போதும். அங்கிருந்து பிரானூர் பார்டருக்கு வந்து, இல்லாத எல்லை ஒன்றின் பெயரை ஏன் இன்னும் சொல்கிறோம் என்று கேட்டால் போதும். அந்தப் பிள்ளைகள் மறு ஆண்டும் வருவார்களானால், அவர்களுடைய பிள்ளைகளும் வருவார்களானால், அந்நாள் திருநாள். வராவிட்டால், எந்த உத்தரவும் அதைத் திருநாளாக்க மாட்டாது.

பராக்கிரம பாண்டியன் பிற்காலத்தாரை நோக்கிச் செய்த வணக்கம் கோயிலுக்காக மட்டும் செய்தது என்று நான் எண்ணவில்லை. புதிதாக ஒன்றைச் செய்கிற எவரும், அதன் தகுதியைத் தீர்மானிக்கும் உரிமையைத் தமக்குப் பின் வருகிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டே போகிறார்கள். ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு அவன் பணிந்தது நம்மை. மொட்டையாய் நின்ற கோபுரத்தை எழுப்பியதன் மூலம் 1990இல் ஒரு முறை அவ்வணக்கத்துக்குப் பாத்திரமானோம். நவம்பர் முதல் தேதியும் அதே கேள்வியோடு நம் முன்னே நிற்கிறது.

அடுத்த அத்தியாயத்தில், அரச முத்திரைகளையும் எல்லைக் கற்களையும் பொருட்படுத்தாமல் இந்த மலையின் இரு பக்கங்களையும் ஒன்றாகத் தைத்துவிட்ட கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையின் வரலாற்றையும், பதின்மூன்று கண் பாலத்தைக் கட்டிய கதையையும் காண்போம்.

(தொடரும்)